மணல், மணி, துணி: அசைவோவியமும் உயிர் பற்றிய வினாவும்

ஒரு கலைக்கு இடப்படும் பெயர் சில வேளைகளில் அக்கலையைப் பற்றிய தீர்ப்பாகவும் அமைந்துவிடுவதுண்டு. ‘அனிமேஷன்’ என்னும் சொல் ‘ஆனிமா’ என்ற இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. மூச்சு, உயிர், ஆன்மா என்பன அதன் பொருள்கள். வரைந்த உருவத்துக்கு உயிர் கொடுக்கிறேன் என்னும் உரிமைகோரல் அப்பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. தமிழிலும் சிலர் அதனை ‘உயிரூட்டல்’ என்றே வழங்கினர். அரபு மொழியோ வேறொரு வழியைத் தேர்ந்துகொண்டது. ‘ருஸூம் முதஹர்ரிகா’, அதாவது அசைகின்ற வரைபடங்கள் என்பதே அங்கு இக்கலையின் பெயர். ரூஹு என்னும் சொல் அதன் அருகில்கூட வரவில்லை. ஹரகத் மட்டுமே இடம்பெற்றிருக்கிறது.

அரபு இலக்கணம் பயின்றோர்க்கு ஹரகத் புதிய சொல்லன்று. எழுத்தின் மேலும் கீழும் இடப்பட்டு அதனை ஒலிக்கச் செய்யும் குறிகளுக்கும் அதுவே பெயர். தமிழ் இலக்கணமோ அதே பணியைச் செய்யும் ஒலியை ‘உயிர்’ என்றும், அதனை ஏற்கும் ஒலியை ‘மெய்’ என்றும் அழைத்தது. ஒரே செயலை ஒரு மொழி உயிரென்றது. மற்றொரு மொழி அசைவென்றது. இவ்விரு மொழிகளுக்கும் உரியவர்களான தமிழ் முஸ்லிம்கள் இந்த வேறுபாட்டைச் சற்று நின்று சிந்திப்பது பயன் தரும். ஏனெனில், இன்று நம் இல்லங்களிலிருந்தும் இளைஞர்கள் வடிவமைப்புக் கல்லூரிகளுக்குச் செல்கின்றனர். தூரிகையும் கணினியும் கைக்கொண்டு அசைவோவியம் கற்கின்றனர். அவர்களுக்கு நாம் தருவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: ஒற்றைச் சொல்லில் ஒரு தடை, அல்லது, ‘நல்ல சம்பளம் வருமாமே’ என்னும் ஒரு மௌனச் சம்மதம். முதலாவது அவர்களைக் குற்ற உணர்வோடு வரையச் செய்கிறது. இரண்டாவது எந்த உணர்வுமின்றி வரையச் செய்கிறது. கலையை எடைபோடும் அளவுகோல் ஒன்றை மட்டும் நாம் அவர்கள் கையில் கொடுப்பதில்லை. அத்தகைய அளவுகோல் ஒன்றை நம் மரபிலிருந்தே எடுத்து, வடிவமைப்பு மாணவர்களாயிருந்து அசைவோவியர்களாக உயர்ந்த சிலரின் படைப்புகளை அதனால் அளந்து பார்ப்பதே இங்கு நோக்கம்.

ஒட்டுத் துணியாலான சிறகுகள்

உருவம் வரைதல் பற்றிய நபிமொழிகள் ஸஹீஹுல் புகாரியிலும் முஸ்லிமிலும் பல வழிகளில் பதிவாகியுள்ளன. உருவங்களைச் சமைத்தோர் மறுமையில், தாம் படைத்தவற்றுக்கு உயிர் கொடுக்குமாறு பணிக்கப்படுவர் என்னும் எச்சரிக்கை அவற்றுள் தலையாயது. தம்மிடம் வந்த ஓவியரொருவருக்கு மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரைந்துகொள்ளும்படி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டியதையும் புகாரி பதிவு செய்கிறது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் உயிருள்ளவற்றின் உருவங்களை நிழலுள்ளவை, நிழலற்றவை என்ற வேறுபாடின்றித் தடுத்தார்கள். நிழலற்ற உருவங்களில் சலுகை கண்ட முன்னோர்களும் உண்டு. திரையில் தோன்றி மறையும் படங்களைப் பற்றி இக்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. இங்கு ஃபத்வா வழங்கும் எண்ணம் நமக்கில்லை. அது அதற்குரியோரின் பணி. ஆயினும், தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் முதன்மையான ஒன்று விமர்சகனுக்கு மிகவும் பயன்படக்கூடியது. ‘முளாஹாத்’, அல்லாஹ்வின் படைப்புக்கு ஒப்பாகத் தன் படைப்பை நிறுத்த முனைதல் என்பதே அது. அதாவது, கையின் திறமை படைப்பாற்றலாக வேடமிடுதல்.

இதன் மறுபக்கத்தில் ஸுனன் அபூதாவூதில் ஒரு செய்தி உள்ளது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பயணத்திலிருந்து திரும்பியிருந்த வேளையில் காற்று வீசி, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் மாடத்தை மறைத்திருந்த திரை விலகியது. உள்ளே அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள். நடுவில் இரு சிறகுகளுடன் ஒரு குதிரை. குதிரைக்குச் சிறகா என நபியவர்கள் வினவ, ஸுலைமான் (அலை) அவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததாகத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என அன்னையவர்கள் மறுவினா எழுப்பினார்கள். நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியுமளவு சிரித்தார்கள்.

இந்த அறிவிப்பைப் பலரும் சிறுவர் விளையாட்டுக்கான சலுகை என்ற அளவில் மேற்கோள் காட்டிச் செல்வர். அதிலுள்ள ஒரு சொல்லை நாம் இங்கு கவனிக்க வேண்டும். அச்சிறகுகள் ‘ரிகாஉ’ என்பவற்றால் ஆனவை என்கிறது மூலம். ‘ருக்ஆ’ என்பதன் பன்மை அது. ஒட்டுத் துணி என்பது பொருள். ஆக, கந்தையை வெட்டித் தைத்த ஒரு பறக்கும் குதிரை அது. உயிருள்ள குதிரையோடு அது போட்டியிடவில்லை. துணி துணியாகவே தெரிந்தது. அதனைப் பறக்கச் செய்தது ஒரு கதை. இந்த மூன்று கூறுகளும், வெளிப்படையான கைவேலை, எளிய பொருள், கேட்டறிந்த கதை ஆகிய மூன்றும், நாம் தேடும் அளவுகோலைத் தந்துவிடுகின்றன. ஒரு படம் தன் கைவேலையை மறைக்கிறதா, காட்டுகிறதா? அதன் பொருள் யாருடைய கையிலிருந்து வந்தது? அது யாருடைய நினைவைச் சொல்கிறது?

திரைக்குப் பின்னால்

அசையும் உருவம் நம் மரபுக்கு அந்நியம் என எண்ணுவோர் ‘கயாலுழ் ழில்’ என்னும் நிழற்கூத்தை மறந்துவிடுகின்றனர். மூஸிலில் பிறந்து கெய்ரோவில் கண் மருத்துவராக வாழ்ந்து 1310இல் மறைந்த இப்னு தானியால், நிழற்கூத்துக்கென்றே எழுதிய மூன்று நாடகங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஷைகுல் அக்பர் இப்னு அரபீ (ரஹ்) அவர்கள் தம் ‘ஃபுதூஹாத்’தில் இக்கூத்தை ஓர் உவமையாகவே ஆண்டுள்ளார்கள். சிறுவர் மகிழ்கின்றனர், கவனமற்றோர் வேடிக்கை என்று கடந்து செல்கின்றனர், அறிந்தோரோ, திரையின் பின்னிருந்து அசைவிப்போன் ஒருவனே என்னும் பாடத்தைப் பெறுகின்றனர் என்பது அதன் சாரம். நம் குமரி மாவட்டத்தின் தோற்பாவைக்கூத்தைக் கண்டவர்களுக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். விளக்கொளி, வெள்ளைத் திரை, வெட்டிய தோல், அதன் பின்னே ஒரு மனிதர். பாவை தானாக அசைவதாக அங்கு எவரும் நம்புவதில்லை. 1926இல் ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் ஆயிரத்தோர் இரவுகளின் கதைகளைக் கொண்டு உருவாக்கிய ‘இளவரசர் அஹ்மத்’ என்னும் படமும் இந்நிழல் மரபின் வழித்தோன்றலே. இன்று எஞ்சியிருக்கும் முழுநீள அசைவோவியப் படங்களுள் மிகப் பழையது அது. அதிலும் ஒரு பறக்கும் குதிரை உண்டு. அது கத்தரிக்கோலால் வெட்டிய நிழலுரு.

அசைவு எங்கே நிகழ்கிறது என்பதற்கும் நம்மவரிடமிருந்து ஒரு விடை உண்டு. பல வண்ணக் கோடுகள் தீட்டிய பம்பரம் விரைந்து சுழலுகையில் கண்ணுக்கு ஒரே கலவை நிறமாகத் தோன்றுவதை இப்னுல் ஹைஸம் தம் ‘கிதாபுல் மனாழிரில்’ ஆராய்ந்தார். 11ஆம் நூற்றாண்டின் அவ்வாய்வு, விரைவின் முன் பார்வை எவ்வாறு பிழைபடுகிறது என்பதை விளக்கியது. திரைப்படம் என்னும் கலை முழுவதும் அப்பிழையின் மீதே கட்டப்பட்டிருக்கிறது. ஒரு நொடிக்கு 24 அசையாப் படங்கள் கடந்து செல்கின்றன. அசைவு எந்தப் படத்திலும் இல்லை. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் நிகழ்வதே முக்கியமென்று கருதியவர் கனடாவின் அசைவோவிய மேதை நார்மன் மெக்லாரன். அவ்விடைவெளியை எந்தக் கலைஞனும் வரைவதில்லை; காண்போனின் பார்வையே நிரப்புகிறது. அப்பார்வையோ இறைவன் அளித்தது. எனவே ‘உயிரூட்டினேன்’ என்று மார்தட்டும் உரிமை, மார்க்கத்தை ஒருபுறம் வைத்துவிட்டுத் தொழில்நுட்பத்தை மட்டும் நோக்கினாலும், கலைஞனுக்குக் கிடையாது.

மணலும் மணியும்

கரோலைன் லீஃப் என்னும் அமெரிக்கப் பெண்மணி ஹார்வர்டில் மாணவியாயிருந்தபோது உருவாக்கிய முதற்படம் 1969இல் வெளிவந்தது. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் கடற்கரை மணல். கீழிருந்து ஒளியூட்டப்பட்ட கண்ணாடியின் மேல் மணலைப் பரப்பி, விரலால் ஒதுக்கி, ஓநாயையும் சிறுவனையும் வரைந்தார். ஒரு நிலையைப் படமெடுத்தவுடன் அதனைக் கலைத்து அடுத்த நிலையை அமைத்தார். வரைவதும் அழிப்பதும் அங்கு ஒரே செயல். படம் முடிந்தபின் சட்டமிட்டு மாட்ட ஓர் உருவமும் மிஞ்சவில்லை. ஒரு பிடி மணலே மிஞ்சியது. உருவம் நிலைபெற்று வணக்கத்துக்குரியதாகிவிடுமோ என்னும் அச்சத்தைச் சுமந்த ஒரு மரபினர்க்கு இது சிந்தனைக்குரிய செயல்முறை.

மணவாளக்குறிச்சியில் வாழும் நமக்கு மணல் என்றால் வேறொரு நினைவும் எழும். வள்ளியாறு கடலில் கலக்கும் இப்பகுதியின் கரையில் மோனசைட் இருப்பதை 1909இல் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்தார். அன்றுமுதல் நம் மணல் உலகச் சந்தையின் பொருளாயிற்று. கருமை நிற இல்மனைட்டும், செம்மை படர்ந்த கார்னெட்டும், சிர்க்கானும் ஐ.ஆர்.இ.எல். ஆலையில் காந்த ஈர்ப்பையும் மின்கடத்தும் தன்மையையும் கொண்டு பிரித்தெடுக்கப்படுகின்றன. இயற்கையே நிறம் பிரித்து வைத்த இந்த மணலை ஓவியப் பொருளாக நோக்கும் கண் நமக்கு வாய்க்கவில்லை. எங்கோ ஒரு மாணவி வெறும் மணலில் ஒரு கலையைக் கண்டாள். நாமோ அதனை எடைபோட்டே பழகிவிட்டோம்.

இந்தியாவிலும் இவ்வாறு பொருளைக் கூர்ந்து நோக்கும் பயிற்சியை அளிக்கவென்றே ஒரு நிறுவனம் தோன்றியது. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958இல் அளித்த அறிக்கையில் நம் நாட்டு லோட்டா என்னும் சாதாரண நீர்ச்செம்பை வடிவமைப்பின் உச்சமாகப் போற்றினர். அவ்வறிக்கையின் வழிவந்ததே 1961இல் அகமதாபாத்தில் நிறுவப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனம். அங்கு தொடக்க காலத்தில் பயின்றவர் குஜராத்தைச் சேர்ந்த ஈஷு படேல். பின்னர் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் பணியாற்றி, 1977இல் ‘பீட் கேம்’ என்னும் குறும்படத்தை உருவாக்கினார். ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட படம் அது. வடதுருவப் பகுதியின் இனுயிட் பெண்கள் செய்யும் மணிவேலைப்பாடு அதற்குத் தூண்டுதலாயிருந்தது. ஆயிரக்கணக்கான மணிகள் ஒன்றுகூடி ஓர் உயிரினமாகின்றன. அதனை இன்னொன்று விழுங்குகிறது. அதனையும் மற்றொன்று விழுங்குகிறது. இவ்வாறு வளர்ந்து மனிதனின் போர்வெறி வரை செல்கிறது படம்.

இப்படத்தின் வலிமை, மணி எந்நிலையிலும் மணியாகவே தெரிவதில் உள்ளது. உருவம் ஒரு கணம் கூடி மறுகணம் சிதறுகிறது. எதுவும் தன்னைத்தானே நிலையென்று சொல்லிக்கொள்வதில்லை. தஸ்பீஹ் மணிகளை விரலில் உருட்டிப் பழகியோர் ஒரு மணியிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் அந்தத் தாளத்தை அதில் உணரக்கூடும். ஆயினும் நம் மூன்றாவது வினாவை எழுப்பினால் ஒரு குறை தென்படுகிறது. அந்த இனுயிட் பெண்கள் படத்தில் இல்லை. அவர்களின் கைவண்ணம் தூண்டுதலாயிற்று. அவர்களின் கதை படமாகவில்லை. சொல்லப்படுவது மானுடம் அனைத்துக்கும் பொதுவான கதை. பொதுவான கதைகளில் பெரும்பாலும் முதலில் தொலைந்துபோவது யாரிடமிருந்து எடுத்தோமோ அவர்களின் பெயரே.

துணி பேசுகிறது

இக்குறையை உணர்ந்து, அதனைக் களைவதையே தம் வாழ்நாள் பணியாக்கிக் கொண்டவர் என நினா சப்னானியைக் கூறலாம். வடோதராவில் ஓவியமும், தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அசைவோவியமும் பயின்று, அங்கேயே நெடுங்காலம் ஆசிரியராயிருந்து, பின்னர் மும்பை ஐ.ஐ.டி.யில் கற்பித்தவர் அவர். 1984இல் வரதட்சணைக் கொடுமையைச் சாடும் ‘ஷுப் விவாஹ்’ என்னும் சிறு படத்துக்கு மதுபனி ஓவியப் பாணியை எடுத்தாண்டார். திருமணத்தைக் கொண்டாடும் சுவரோவிய மரபைக் கொண்டே திருமணச் சந்தையை விசாரித்தது கூர்மையான தேர்வு. எனினும் அங்கும் ‘பாணி’ மட்டுமே வந்தது.

2005இல் வெளிவந்த ‘முகுந்த் அண்ட் ரியாஸ்’ அவரது பயணத்தில் ஒரு திருப்பம். 1947. கராச்சி. முகுந்தும் ரியாஸும் இணைபிரியாத் தோழர்கள். நாடு பிரிகிறது. ஊர் கலவரமாகிறது. ரியாஸின் உதவியால் முகுந்தின் குடும்பம் பத்திரமாகக் கப்பலேறுகிறது. கதை இவ்வளவே. முகுந்த் வேறு யாருமல்லர், இயக்குநரின் தந்தையார். அவரது நினைவையே மகள் படமாக்கினார். சென்னையின் தூலிகா பதிப்பகம் அக்கதையைச் சிறுவர் நூலாகவும் வெளியிட்டது.

இப்படத்தின் உருவங்கள் சிந்துப் பகுதியின் ஒட்டுத்துணித் தையலைத் தழுவியவை. ஓரங்களில் தையல் தெரிகிறது. துண்டு துண்டாக வெட்டப்பட்ட துணிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி மனிதர்களாகவும் தெருக்களாகவும் கப்பலாகவும் ஆகின்றன. பிரிவினையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான ஊடகம் இருக்க முடியாது. வெட்டியது கத்தரி, இணைப்பது ஊசி. ஒரு நாட்டை வெட்டியதன் கதையை, வெட்டியவற்றை இணைக்கும் கலையால் சொல்வதில் ஒரு நீதி இருக்கிறது. அந்நீதியைப் படம் எங்கும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிரிவினை குறித்த படங்களில் நாம் காணும் எரியும் வீடுகளும் பிண ரயில்களும் நம்மைத் திகைக்கச் செய்து, பின்னர் எங்கள் பக்கமா, உங்கள் பக்கமா என்ற கணக்கில் இறக்கிவிடுகின்றன. துணியின் மென்மை அக்கணக்குக்கு இடம் தருவதில்லை.

ஆயினும் முஸ்லிம் வாசகன் இப்படத்தைப் பார்த்து முடித்தபின் அவன் நெஞ்சில் ஒரு கேள்வி தங்கிவிடும். ரியாஸுக்கு என்ன ஆயிற்று? கப்பல் முகுந்தோடு செல்கிறது. கதையும் அவரோடேயே செல்கிறது. ரியாஸ் நல்லவன், துணிவுள்ளவன், நண்பனுக்காகத் தன்னை ஆபத்தில் நிறுத்தியவன். ஆனால் அவன் வீட்டில் அன்றிரவு என்ன பேசினார்கள்? அவன் தாய் எதற்கு அஞ்சினாள்? அவன் முதுமையில் யாரிடம் இதைச் சொன்னான்? மகள் தந்தையின் நினைவைச் சொல்கையில் தந்தை அறிந்ததை மட்டுமே சொல்ல முடியும், அது நேர்மை. அதனைக் குற்றமாகச் சாட்ட இயலாது. ஆனால் இந்தியப் படங்களிலும் கதைகளிலும் நாம் திரும்பத் திரும்பச் சந்திக்கும் ‘நல்ல முஸ்லிம்’ இவ்வாறே வருகிறான்: பிறருக்கு உதவும் கணத்தில் தோன்றி, உதவி முடிந்ததும் மறைகிறான். அவனுக்கென ஒரு கதை இருப்பதில்லை. மிக மேன்மையான நோக்கத்துடன் எடுக்கப்பட்ட இப்படமும் அவ்வரிசையிலிருந்து முற்றிலும் விலகிவிடவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2009இல் வந்த ‘டாங்கோ போலே சே’ (தையல் பேசுகிறது) சப்னானியின் மிக உயர்ந்த படைப்பு என்பது நம் கருத்து. கச்சுப் பகுதியில் கலா ரக்ஷா என்னும் அமைப்பைச் சேர்ந்த தையற்கலைஞர்கள் தம் வரலாற்றைத் தாமே துணியில் தைத்தனர். தம் குரலிலேயே சொல்லினர். 1971ஆம் ஆண்டுப் போரை ஒட்டி எல்லை கடந்து வந்தது, புதிய மண்ணில் பிழைக்க ஊசியை நம்பியது, 2001 ஜனவரி 26 நிலநடுக்கம் எல்லாவற்றையும் குலுக்கியது ஆகிய அனைத்தும் அவர்கள் கைத்துணியிலிருந்தே எழுந்து அசைகின்றன. முந்தைய படத்தில் துணி ஒரு பாணியாக இருந்தது. இங்கு அது சாட்சியம். நம் மூன்று வினாக்களுக்கும் ஒரே இடத்திலிருந்து விடை கிடைக்கிறது. குறையும் இல்லாமலில்லை. துணியின் அழகு சில இடங்களில் துயரை மிஞ்சிவிடுகிறது. இடிந்த வீடும் ஒரு வண்ணக் கோலமாகவே கண்ணில் படிகிறது. ஆனால் பேசுகிற குரலின் நடுக்கம் அந்த அழகைச் சரிக்கட்டிவிடுகிறது.

நம் பிள்ளைகளுக்கு

நம் தரப்பிலும் முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. ‘முஹம்மத்: தி லாஸ்ட் புராஃபெட்’ என்னும் முழுநீள அசைவோவியப் படம் 2002இல் வெளிவந்தது. நபியவர்களின் உருவம் அதில் இடம்பெறவில்லை. கேமரா அவர்களின் பார்வைக் கோணத்தில் நின்றது. தடையொன்று புதியதோர் உத்தியைப் பெற்றெடுத்ததற்கு அது சான்று. எனினும் அதன் இயக்குநர் ரிச்சர்ட் ரிச் முன்னர் டிஸ்னியில் பணியாற்றியவர். திரையில் தோன்றும் ஏனைய முகங்களும் கட்டடங்களும் அப்பள்ளியின் வார்ப்பிலேயே அமைந்துள்ளன. காட்டக் கூடாததைக் காட்டாமல் விடுவதில் நாம் கவனம் செலுத்துகிறோம். காட்டுவதை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் அதே கவனத்தைச் செலுத்துவதில்லை.

எடுக்கத் தக்கவை நம்மிடம் குறைவா? பத்தமடையில் லெப்பைக் குடும்பங்கள் கோரையை நூலாகக் கிழித்து நெய்யும் பாயின் ஊடும் பாவும் உண்டு. அரபுத்தமிழ் ஏடுகளில் அரபு எழுத்து தமிழ் ஒலிக்காக வளைந்து கொடுத்த கோடுகள் உண்டு. கிஸ்ஸா, மஸலா, நாமா, முனாஜாத், படைப்போர் எனக் கதை சொல்லவும் வினாத் தொடுக்கவும் இறைஞ்சவும் நம் முன்னோர் கண்ட வடிவங்கள் உண்டு. தக்கலை பீர் முஹம்மது அப்பா அவர்களின் மெய்ஞ்ஞானப் பாடல்கள் நம் மாவட்டத்திலேயே உண்டு. இவற்றுள் பல, உயிருருவம் ஒன்றுகூட வரையாமலே அசைவோவியமாகக் கூடியவை. பாயின் கோடு அசைந்தால் போதும். எழுத்து நடந்தால் போதும். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சுட்டிய மரம் காற்றில் அசைந்தாலும் போதும்.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. தூண்டுதல் என்பது இனாமன்று, அமானிதம். மனிதர்களுக்கு நன்றி பாராட்டாதவன் அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தியவனாகமாட்டான் என்பது நபிமொழியின் கருத்து. பத்தமடைப் பாயின் கோலத்தைக் கணினியில் ஏற்றும் மாணவன், அதை நெய்த மூதாட்டியின் பெயரையும் குரலையும் படத்தில் ஏற்றக் கடமைப்பட்டவன். சப்னானியின் படைப்புகளில் 1984க்கும் 2009க்கும் இடைப்பட்ட கால் நூற்றாண்டு கற்றுத் தரும் பாடம் இதுவே: பாணியை எடுப்பது எளிது, மனிதர்களை அழைத்து வருவதற்கு ஓர் ஆயுளே தேவைப்படுகிறது.

2004 டிசம்பர் 26 அன்று நம் கரையில் ஏறிய கடல், கொட்டில்பாட்டிலும் குளச்சலிலும் கொண்டுபோனவற்றைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே உள்ளனர். அன்று பள்ளிவாசல், தேவாலயம், கோயில் என்ற பேதமின்றிக் கதவுகள் திறந்தன. கச்சுப் பெண்கள் தம் நிலநடுக்கத்தைத் தைத்துவைத்தது போல நம் கடலை எவரும் இன்னும் தைத்துவைக்கவில்லை. அந்த நினைவைச் சொல்ல வேண்டியவர்கள் முதுமையடைந்து வருகின்றனர். மணல் நம்மிடம் இருக்கிறது. கலைக்கல்வி பெறச் செல்லும் பிள்ளைகளும் இருக்கின்றனர். உயிர் கொடுக்கும் வேலையை அவர்கள் உயிருக்கு உரியவனிடமே விட்டுவிடட்டும். நினைவை அசைக்கும் வேலை மனிதருக்குரியது. ரியாஸின் கதையை ரியாஸின் வீட்டிலிருந்து சொல்ல இன்னும் ஒருவர் தேவைப்படுகிறார். அவர் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.